ஐஸ் கடை ரிலே

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஃபேன் நின்றாலும் மோட்டார் புகைந்தாலும் அசோகனைத்தான் கூப்பிடுவார்கள். காசிமேட்டு மீன் துறைமுகத்து ஐஸ் கடைகளிலும் அவன் ராஜ்ஜியம்தான். மனைவி எழில்மொழி திருவொற்றியூரில் கரண்ட் பேனல் போர்டு செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, "நம்ம லைனுக்கே வந்துட்டா பாரு" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவனும் அவன்தான். பொறாமை பிறகு வந்தது.

வந்தது கல்மண்டபம் பக்கம் இருந்த அடைக்கலமேரியின் கடையில். அங்கே ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்துக் கம்பத்தில் அசோகன் ஒரு ஸ்விட்ச் மாட்டியிருந்தான். மெஷினுக்குள் ஐஸ் பார் தள்ளும் கெங்கம்மாவின் கை எந்நேரமும் உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கும். ஒருநாள் ஸ்விட்சைத் தொட்டவள் ஷாக் அடித்து மீன் கூடைகள்மேல் போய் விழுந்தாள். அசோகன் புது ஸ்விட்ச் போட்டு, மேலே பாலிதீன் பையைக் கட்டினான். மறு மாதமே திரும்ப அடித்தது.

கேள்விப்பட்ட எழில்மொழி, லீவு நாளில் அவனோடு கடைக்கு வந்தாள். கம்பத்தில் இருந்ததைக் கழற்றினாள். உள்ளறைச் சுவரில் ஒரு பெட்டி வைத்து, அதற்குள் ரிலே மாட்டினாள். கம்பத்துக்கு வந்தது ஒரு சின்னப் பொத்தானும், பன்னிரண்டு வோல்ட் போகும் மெல்லிய ஒயரும் மட்டும்தான். பொத்தானை அழுத்தினால் அந்தச் சின்ன கரண்ட் ரிலேவின் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் தகட்டை இழுக்கும். மோட்டாருக்குப் போகும் பெரிய கரண்ட் உள்ளறையிலேயே சேர்ந்துகொள்ளும்.

"இன்னாமே இது, நூலாட்டம் கீது? இதா மோட்டார இழுக்கும்?" என்றான் அசோகன்.

"இது இழுக்காது. இழுக்கறவன எழுப்பி வுடும், அவ்ளோதான்."

கெங்கம்மா பயந்து பயந்து ஒரு விரலால் அழுத்தினாள். உள்ளே டக்கென்று சத்தம்; மெஷின் ஓடியது. "சுரீர்னு ஒண்ணியும் இல்லியே!" என்று எழில்மொழியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"அசோகா, உம் பொண்டாட்டி உன்னியே முழுங்கிடுவா போலகீதே!" என்றாள் அடைக்கலமேரி. அசோகனும் சிரித்து வைத்தான்.

அதற்கப்புறம் ஐஸ் கடைக்காரர்கள் அவன் போனிலேயே அவளைக் கேட்டார்கள். "நைனா, எழிலு கீதா? கொஞ்சம் குடேன்." அவள் ஒயரையும் வோல்ட்டையும் பற்றித் தடுமாறாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். இவள் முந்தாநாள் வந்தவள். இவளுக்கு ப்யூஸ் போடச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே என்று வயிறு எரியும்.

ஒருநாள் அடைக்கலமேரியின் கடையில் டியூப் லைட் மாற்றப் போனான். உள்ளறையில் யாருமில்லை. பெட்டியைத் திறந்து, மெல்லிய ஒயரின் திருகாணியைத் தளர்த்தி, நுனியை வெளியே இழுத்துவிட்டான். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து போன் வருமென்று காத்திருந்தான்.

மீன்பிடி போட்டுகள் வந்தன. மெஷின் ஓடவில்லை. ஐஸ் இல்லாமல் மீன் வெயிலில் கிடக்க, போட்டுக்காரர்கள் கத்தினார்கள். அவனுடைய போன் அடிக்கவே இல்லை; அடைக்கலமேரி நேராக எழில்மொழிக்கே போன் போட்டிருந்தாள். எழில்மொழிதான் பாதி வேலையில் சொல்லிக்கொண்டு, டோல்கேட் வழியாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்தவள், ஒயரைப் பார்த்தாள். வாசலில் வந்து நின்ற புருஷனையும் பார்த்தாள்.

"நான்தாங்கா ஒழுங்கா முறுக்காம வுட்டுட்டேன்" என்றாள் அடைக்கலமேரியிடம்.

அடைக்கலமேரி அவளை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

மறுநாள் அடைக்கலமேரி அசோகனைக் கூப்பிட்டாள். "அவ வேலை எனுக்கு வாணாம்பா. நீ பழைய மாதிரியே மாட்டிக் குடு."

இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெட்டியைத் திறந்து திருப்புளியை வைத்தபோது, தண்ணீர் சொட்டும் கைகளோடு கெங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"திரும்பவும் அந்த ஸ்விட்சா அசோகா? பையாவது ரெண்டா கட்டுப்பா."

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அசோகன் திருப்புளியைப் பைக்குள் போட்டான். பெட்டியை மூடினான்.

"அக்கா, அந்த ஒயர கயட்டினது நான்தான். அவ மேல தப்பு இல்ல. இது இப்டியே இருக்கட்டும்."

அடைக்கலமேரி கேட்ட கேள்வியில் பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே என்றாள். அவனும் பிறகு காட்டவில்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததை எழில்மொழியிடம் சொன்னான். "அது தானா கயலாதுன்னு எனுக்குத் தெரியாதா?" என்றாள். "நீ போய்ச் சொல்லுவேன்னுதான் தெரியாது." அதோடு விட்டுவிட்டாள்.

பொறாமை மட்டும் போகவில்லை. போன வாரம் மீஞ்சூர் ஐஸ் பேக்டரியில் ஐந்து மெஷினுக்கு ரிலே மாட்ட அவளைக் கூப்பிட்டார்கள்.

"நீயும் வாயேன், ஒண்டியா முடியாது" என்றாள்.

"எனுக்கு வேலை கீது" என்றான். ஒரு வேலையும் இல்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்வரை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்தபடியே, அவள் பின்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.