கறுத்துப்போன வெள்ளிக் கவசம்

ஆடி முதல் வெள்ளிக்கிழமை. கோயில் பெட்டியைத் திறந்து அம்மன் கவசத்தை வெளியே எடுத்தேன். அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்திருந்தது. வீட்டுக்கு வீடு கொடுத்த பழைய கொலுசையும் குங்குமச் சிமிழையும் உருக்கி, விரதமிருந்து, கூலி வாங்காமல் எங்கள் ஊர் நகைப் பத்தர் அடித்துக் கொடுத்த வெள்ளிக் கவசம் அது. தை மாதத்தில் சாத்தியபோது நிலவு மாதிரி இருந்தது. ஆறே மாதத்தில் இந்தக் கோலம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. சூலூருக்குப் பக்கத்தில் நாலு தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதுக்கு மேல் படிப்பில்லை. ஆனால் கோயில் பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. அந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. கூழ் குடிக்க வந்த சனம் மொத்தமும் பார்க்கப் பத்தரைக் கேட்டேன். "ஏனுங்க பத்தரே, ஆத்தாளுக்கே ஈயத்தைக் கலந்துபோட்டீங்களா?"

அவர் கவசத்தை வாங்கி, துண்டு முனையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். "துளி செம்பு சேத்துனனுங்க. இல்லீன்னா வெள்ளி நெளிஞ்சுபோகுமுங்க. அது சேர்மானம், கலப்படமில்லீங்க. இந்தக் கறுப்பு மேல படிஞ்சதுங்க. வேணும்னா ஒரு துண்டு வெட்டி உருக்கிப் பாருங்க."

"சாமி கவசத்தையே வெட்டச் சொல்றாருங்க!" என்றார் ஒருவர். "இனிமே ஈயப் பத்தருன்னே கூப்பிடலாமுங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தர் கூழ் குடிக்காமல் போனார்.

அதன்பின் தாலிக்குப் பொன்னுருக்க அவரை யாரும் அழைக்கவில்லை. கல்யாண வீட்டில் நல்ல நேரம் பார்த்து, முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் அவர்தான். இப்போது சனங்கள் கோயமுத்தூர்க் கடைகளுக்கு பஸ் ஏறினார்கள்.

ஐப்பசியில் மறுபடி பெட்டியைத் திறந்தேன். ஆடியில் பூசைக்கென்று நான் அதற்குள் வைத்திருந்த எங்கள் அப்பாவின் திருநீற்றுச் சம்படமும் கறுத்திருந்தது. சுத்த வெள்ளி, முப்பது வருசம் வீட்டில் கறுக்காதது. பக்கத்தில் ஒரு பொட்டலம். தை நோன்பித் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டவர் மிச்சம் வைத்துப்போன கந்தகம். நனையக்கூடாதென்று அதை உள்ளே வைத்தவன் நான்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஹைஸ்கூல் கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "வெள்ளியில செம்பு போட்டு உருக்குனா அது கலவைங்கண்ணா. வெள்ளி வெள்ளியாத்தான் இருக்கும், செம்பு செம்பாத்தான் இருக்கும். கந்தகக் காத்துப் பட்டு வெள்ளியே வேறொண்ணா மாறுனா அது சேர்மம். ரெண்டும் ஒண்ணில்லீங்க. சுத்த வெள்ளியும் கறுக்கும்" என்றார். பிறகு, "பொட்டலத்தைப் பெட்டிக்குள்ள வெச்சது யாருங்கண்ணா?" என்று கேட்டார். பொட்டலத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலமே பத்தரின் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை. "சேரீங்க. இதைக் கோயில்ல சொல்லிப்போடுங்க. அங்கதானுங்க என்னையக் கேட்டீங்க."

"வர்ற அமாவாசைக்குச் சொல்லிப்போடறனுங்க" என்றேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் கவசத்தைப் புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்த்துச் சாத்தினேன். மறுநாள் திரை விலகியதும் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பத்தர் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கடைசித் தூணருகே என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்படீங்க இப்படிப் பளிச்சுனு ஆச்சு? ஆத்தா மகிமைங்களா?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அம்மனும் எதிரே இருந்தாள். "ஆமாங்க அம்மணி, ஆத்தா மகிமைதானுங்க" என்றேன்.

பத்தர் தீபாராதனைக்கு நிற்காமல் படி இறங்கினார். மாசி பிறக்குமுன் குடும்பத்தோடு பவானிக்குப் போய்விட்டார். கவசம் வெளுத்த கதையை ஊரில் இன்றும் அம்மன் மகிமையென்றே சொல்கிறார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.