திருப்தி என்ற கட்டம்

கல்லூரியில் கணக்கெடுப்புக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் நான்தான். எழுபதுகளின் கடைசி. தலைநகரில் நாங்கள் இருந்த சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் தண்ணீர் எப்படி வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியே சுற்ற ஒரு சாக்கு கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம். ஒரு படிக்கட்டைச் சேர்ந்த வீடுகள் குறை சொன்னால், தண்ணீரை மேலே ஏற்ற அந்தப் படிக்கட்டுக்கு மோட்டார் வைப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பஞ்சாபி வீடுகளில் சிரமமே இல்லை. கதவைத் திறந்ததும் திட்ட ஆரம்பித்து, நடுவில் டீ கொடுத்து, மறுபடி திட்டினார்கள். தமிழ் வீடுகள்தான் பாடாய்ப் படுத்தின. மாடிக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறாது. கேட்டால் "பரவால்ல" என்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்றும் கொள்ளலாம், என்ன செய்வது, விடு என்றும் கொள்ளலாம். நான் விடமாட்டேன். "கீழேருந்து எத்தனை வாளி தூக்குறீங்க, மாமி?" என்று கேட்டு, 'திருப்தி இல்லை' கட்டத்தில் டிக் போடுவேன். மற்ற மாணவிகளுக்கு இதை வகுப்பே எடுத்தேன். அவ்வளவு கர்வம்.

கடைசியாக எங்கள் வீடு. கீழ்வீடுகளுக்குத் தண்ணீர்க் குறை இல்லை; மாடியில் எதிர்வீடு பூட்டிக் கிடந்ததால், எங்கள் படிக்கட்டுக்கு மோட்டார் வருவது இந்த ஒரு படிவத்தில்தான் இருந்தது. அம்மா அப்போதுதான் இரண்டு வாளியோடு ஏறி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடியிருப்பைப் பராமரிக்கும் இலாகாவிலேயே குமாஸ்தாவாக இருந்த அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நம்ம டிபார்ட்மெண்ட் மேல நம்ம வீட்லருந்தே கம்ப்ளெயிண்டா? நாளைக்கு ஆபீஸ்ல பெரிய சாப் கூப்பிட்டுக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஜல்தி எழுதி முடி."

நான் அம்மாவிடம் கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"பரவால்ல" என்றாள்.

எத்தனை வாளி என்று கேட்க வாய் வரவில்லை. இருந்தது ஒரே வாசல், அதில் அப்பா. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். 'திருப்தி' கட்டத்தில் டிக் போட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வழிவிட்டார்.

அடுத்த படிக்கட்டுக்கு மோட்டார் வந்தது. அது ஓடும் சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், பாதிப் படியில் அம்மாவின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினேன்.

"தெரிஞ்சேதாம்மா தப்பா எழுதினேன்."

"பரவால்ல" என்றாள். வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.