அண்ணனின் உள்ளங்கைக் காய்ப்பு

இரும்புக் குழாயின் மேல் உள்ளங்கை உரசுகிற ஓசை, காய்ந்த பனையோலையை யாரோ தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல "சரக், சரக்" என்று, விடியும் நேரத்தில் எங்கள் முற்றத்திலிருந்து கேட்கும். சின்ன வயதில் நான் கண் விழித்ததெல்லாம் அந்த ஓசையில்தான். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால், கடலுக்குப் போகிற சந்தில், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடித்தனம் இருந்த வீடு அது. அங்கே என் அண்ணன் எத்திராஜ் இரண்டு மரக்கம்பங்களை ஆழமாக நட்டு, எங்கள் நைனா துறைமுகத்தில் கேட்டு வாங்கி வந்த பழைய குழாய் ஒன்றைக் குறுக்கே கட்டியிருந்தான். அவன் அதை "பார்" என்பான். அவன் இறங்கியதும் அம்மா அதில் புடவையைக் காயப்போடுவாள்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அண்ணன் சிறு பையனாக இருந்தபோதே "தாலிம்கானா"வுக்குப் போக ஆரம்பித்தவன். உடற்பயிற்சிக் கூடத்தை அப்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மற்ற பையன்கள் கர்லாக்கட்டை சுற்றி மார்பைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, இவன் மட்டும் கம்பியைப் பிடித்துத் தொங்கி, காலை மேலே வீசி, முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வருவான். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. டெல்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பட்டணத்துப் பையன்களைக் கம்பியில் சுற்றவிட்டுச் சோதித்துப் பார்த்து, தேறினவர்களை அங்கே அழைத்துப்போய்ச் சோறு போட்டுப் பழக்குவார்கள், பிறகு ரயில்வேயிலோ பட்டாளத்திலோ வேலையும் கிடைக்கும் என்று தாலிம்கானாவில் சொல்லிவிட்டார்கள். தேறாவிட்டால் நைனாவோடு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான். அது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் முற்றமே அவனுக்காக உழைத்தது. கீழே விழுந்தால் அடிபடக்கூடாதென்று நைனா கடற்கரை மணலைக் கூடையில் கொண்டுவந்து கொட்டினார். எதிர்வீட்டில் விறகுக்கடை காதர் பாய் இருந்தார், எங்களுக்கெல்லாம் "மாமு". அவர் வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப்பு வரும். கொடுத்துவிட்டுச் சும்மா போகமாட்டார். "இன்னாடா எத்திராஜு, வவ்வாலுக்குப் பொறந்தவனாட்டம் தொங்கிக்கினே கீற" என்பார். அம்மா அடுப்பங்கரையிலிருந்தே, "அப்போ நான் வவ்வாலா பாய்?" என்று கேட்பாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொள்வேன். பெரியவர்கள் முன்னால் வந்து நிற்கவே எனக்குக் கூச்சம்.

வியர்வையில் பிடி நழுவாமலிருக்க அண்ணன் அடுப்புச் சாம்பலைக் கையில் தேய்த்துக்கொள்வான். தினம் தினம் இரும்பில் உரசி, அவன் விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு ஏறியிருந்தது, புளியங்கொட்டையை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. எனக்கு அதைத் தடவிப் பார்க்கப் பிடிக்கும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. நைனாவின் கையும் அப்படித்தான் இருந்தது, மூட்டைக் கொக்கி பிடித்துப் பிடித்து.

சோதனை ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை, ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். அண்ணன் பல வாரமாக அதற்குப் பிடிகொடுக்காமல் இருந்தான். உடம்பெல்லாம் சூடேறிப் போயிருக்கிறது, குளிர்ச்சியாகப் போய் நின்றால்தான் காரியம் ஆகும் என்று அம்மா பிடிவாதம் பிடித்து, நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, அவனை மணைப்பலகையில் உட்காரவைத்துவிட்டாள். நாள்கணக்கில் அசந்திருந்த உடம்பு. எண்ணெய்ச் சூடும் வெந்நீரும் பட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். அம்மா அவன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குதிகால் தேய்க்கிற செங்கல் துண்டால் அந்தக் காய்ப்பையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தாள். வெந்நீரில் ஊறி மெத்தென்று ஆகியிருந்ததால் அது தோல் தோலாக உரிந்து வந்தது. எனக்குச் சொல்வதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்:

"டெல்லிக்காரன் கையப் புடிச்சிக் குலுக்குவான். மூட்ட தூக்குறவன் கையாட்டம் கீதேன்னு நெனைக்கக் கூடாது பாரு."

முடித்ததும் காதர் மாமு வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பட்டாட்டம் ஆயிடுச்சி பாத்தியா" என்றாள். அண்ணன் எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்த ஓசைக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அண்ணன் பாரில் ஒரே ஒரு தடவை ஆடிவிட்டு இறங்கி, இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா குங்குமச் சிமிழோடு வாசற்படியில் நின்று, "எப்பிடி கீது?" என்று கேட்டாள். அவன் திரும்பி, "சோக்கா கீதும்மா" என்று சிரித்தான். குனிந்து நெற்றியைக் காட்டினான். பிறகு காதர் மாமுவோடு டிராமுக்குப் போய்விட்டான்.

மதியம் தாண்டித் திரும்பி வந்தார்கள். அண்ணன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தான். நைனா வாயைத் திறப்பதற்குள் காதர் மாமு முந்திக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் செய்தானாம், உயரம் போதாதென்று சொல்லிவிட்டார்களாம். அவ்வளவு பேசுகிற மனுஷன், அன்றைக்கு அதை மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அம்மா டெல்லிக்காரர்களைத் திட்டிக்கொண்டே சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தான்.

"ஊட்டி வுடேன்மா" என்றான்.

மீசை முளைத்த பிள்ளை. அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, அழுத பிள்ளைக்கு ஊட்டுவதுபோல உருண்டை உருண்டையாக ஊட்டினாள். அவன் கை பையிலேயே இருந்தது.

அப்புறம் அவன் முற்றத்துப் பக்கம் போனபோது நானும் பின்னாலேயே போனேன். அவன் கையை வெளியே எடுத்தான். விரல்களுக்குக் கீழே, காய்ப்பு இருந்த இடத்தில், தோல் மொத்தமாகக் கிழிந்து செக்கச்செவேலென்று இருந்தது. சாம்பல் அதில் ஒட்டிக் கறுத்திருந்தது. கடைசிச் சுற்றில் பிடி விட்டுப்போய் விழுந்தானாம்.

"அம்மா கைல சொல்லாத பாப்பா" என்றான். "ஆசையா தேச்சிச்சி அது."

நான் சொல்லவில்லை. பேசாமலிருப்பது எனக்கு எப்போதும் சுலபம். இரண்டு மூன்று நாள் அவன் அம்மா கையால்தான் சாப்பிட்டான். பிறகு நைனாவோடு துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தான், கயிறு உரித்துவிட்டது என்று கையில் துணி சுற்றிக்கொண்டான். கொஞ்ச நாளில் பழையபடி காய்ப்பு ஏறியது. சனிக்கிழமைதோறும் அம்மா செங்கல் துண்டோடு வருவாள். அவன் கையை நீட்டி, "இப்போ நல்லா தேய்மா" என்பான். பெரிய பிள்ளையாகியும் தன் கையால் சாப்பிட்டான் என்று அம்மா சாகும்வரை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த முற்றம் இப்போது இல்லை. தாலிம்கானா இருந்த இடத்தில் கிடங்கு இருக்கிறது, சந்து முனையில் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசையில் நிற்கின்றன. காதர் மாமு இல்லை, நைனாவும் அம்மாவும் இல்லை, அண்ணனும் போய்விட்டான். அண்ணனின் பேத்தி, பத்து வயதுப் பெண், ஏதோ ஸ்டேடியத்துக்குப் போய் அதே மாதிரிக் கம்பியில் சுற்றுகிறாள்; அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்களாம். போன வாரம் அவள் அம்மா, பெண்பிள்ளை கை இப்படியா இருக்கும் என்று அலுத்துக்கொண்டே, கடையில் வாங்கின களிம்பும் சொரசொரப்பான ஒரு கல்லும் எடுத்துக்கொண்டு அவளை உட்காரவைத்தாள். எந்த வீட்டிலும் குறுக்கே பேசாதவள் நான். எழுந்து போய் அந்தக் குழந்தையின் கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன்.

"அது அப்பிடியே இருக்கட்டும், தொடாதே" என்றேன்.

என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்து ஒருதடவை தேய்த்துப் பார்த்தேன். சரக்கென்றது.