அல்ஸீராவும் மகளும் நடந்த லிஸ்பன்

ஐம்பது வயது வரைக்கும் அல்ஸீராவுக்கு லிஸ்பன் நகரம் தெரியாது. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்றவள்தான். ஆனால் அவளுடைய லிஸ்பன் ஷப்ரேகஸ் பேட்டையோடு முடிந்துவிடும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் துறைமுகம். துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பிடும் கடையில் பாத்திரம் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். குன்றின் மேல் பழைய கோட்டை இருப்பது தெரியும். ஏறிப்போய்ப் பார்க்க அவளுக்கு அங்கே என்ன வேலை?

ஒரே மகள் நதேர்சியா. பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். வருகிறவர்கள் அவள் பேச்சுக்காகவே அவள் நாற்காலி காலியாகும்வரை காத்திருப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஹெராயின் போதை தெருவுக்கு இரண்டு பிள்ளைகளையாவது எடுத்துக்கொண்ட காலம். அவர்கள் தெருவில் நதேர்சியாவும் ஒருத்தி. முதலில் ஞானத்தாய் கொடுத்த கம்மல் போனது. பிறகு அப்பா ஃபிர்மினோவின் கைக்கடிகாரம். டி.வி. இருந்த மேசை வெறுமையாகக் கிடந்த அன்று, ஃபிர்மினோ மகளின் பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தான். புனித அந்தோணியார் திருவிழாவுக்கு முதல் நாள். தெருவெல்லாம் மத்தி சுடும் புகை.

"இவ உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றான். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். பூட்டை மாற்றினான். அல்ஸீரா குழாயடியில் நின்று, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

கோடை முடிவதற்குள் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிறன்று பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கோயிலைத் தாண்டி நேராக நடந்தாள். ரயில் நிலையத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள். அல்ஃபாமாவின் படிக்கட்டுச் சந்துகளில் ஏறி, துணி காயப்போடும் பெண்களிடம் அடையாளம் சொல்லிக் கேட்டாள். ரோஸியூ சதுக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற கிழவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பொண்ணைத் தேடுறியா? இங்க ஏம்மா தேடுற? அல்காந்தராவுக்கு மேல, அந்தச் சரிவுக்குப் போ. எல்லாரோட பிள்ளைங்களும் அங்கதான்."

அடுத்த வாரம் அந்தச் சரிவுக்குப் போனாள். பகல் வெளிச்சத்தில், திறந்தவெளியில், வரிசை வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கால் வைக்கிற இடமெல்லாம் ஊசி. தன் பிள்ளையின் முகம் தேடி ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தாள். ஒருத்தன் அவளை நிமிர்ந்து பார்த்து "அம்மா" என்றான். யாரோ பெற்ற பிள்ளை. கையில் இருந்த ரொட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு வேகமாக இறங்கினாள்.

நதேர்சியா கிடைத்தது ஆற்றங்கரைப் பெரிய சதுக்கத்தில். மஞ்சள் வளைவுகளின் கீழே அட்டை விரித்துப் படுத்திருந்தாள். காலணி ஒரு காலில் மட்டும்தான் இருந்தது.

"அப்பா அனுப்பினாரா?"

"இல்ல."

"அப்ப வீட்டுக்குக் கூப்பிட வந்தியா?"

"கூப்பிட எனக்கு வாய் ஏதுடி?"

"பின்ன எதுக்கு வந்தே?"

"சும்மா. வாயேன், கொஞ்சம் நடக்கலாம்."

முதலில் ஒரு காப்பிக் கடைக்குத்தான் போனார்கள். பரிமாறுகிறவன் நதேர்சியாவைப் பார்த்ததும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "எல்லா மேசையிலயும் ஆளிருக்கு" என்றான். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு இல்லை, உட்கார விடும் இடமும் இல்லை. அதனால்தான் நடந்தார்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதுவே பழக்கமானது. அடுத்த வாரம் அல்ஸீரா பழைய காலணி ஒரு ஜோடி கொண்டு வந்தாள்; பிறகு வாராவாரம் காகிதத்தில் சுற்றிய பன்றிக்கறி ரொட்டி. தலைமைக் கோயில், எஸ்ட்ரேலா பூங்கா, ஷியாடு கடைத்தெருவின் கண்ணாடி ஜன்னல்கள் என்று மகள் முன்னால் போக, தாய் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

கோட்டைக்கு ஏறிய அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"நிஜமாவே நீ இங்க வந்ததே இல்லையா?"

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"நல்ல ஊர்க்காரிதான் போ. சீனாக்காரன்கூட வந்து பாத்துட்டுப் போறான்."

மதிலோரம் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நின்றிருந்தது. படம் எடுத்துத் தரச் சொல்லி, அந்த ஆள் கேமராவை நதேர்சியாவிடம் நீட்டினான். விலை உயர்ந்த கேமரா. நதேர்சியா அதைக் கையில் வாங்கியதும் அல்ஸீரா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கூட்டம் இல்லை. ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. மகள் கண்ணில் வைத்துப் பார்த்தாள், அவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னாள், படம் எடுத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஓடிடுவேன்னு நெனச்சே, இல்ல?"

அல்ஸீரா பொய் சொல்லவில்லை. "ஆமாடி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் மகளுக்கு இருமல் வந்தது. அது லேசில் நிற்கவில்லை.

மழைக்காலத்தில் நடை குறுகிக்கொண்டே வந்தது. முதலில் ஏற்றங்களை விட்டார்கள். பிறகு சதுக்கத்தைச் சுற்றி மட்டும். கடைசியில் வளைவுக்கும் ஆற்றுப் படிக்கட்டுக்கும் இடையில், தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு. வழியில் நின்று மூச்சு விடும்போது நதேர்சியா எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அப்பா என்னைப் பத்திக் கேக்கிறாரா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். "கேக்கிறாரு" என்றாள் அல்ஸீரா. அந்தப் பொய்யை மகள் கண்டுபிடித்திருப்பாள்.

தை மாதக் குளிரில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி வழியே வந்த நோயின் பெயரைச் செவிலி தணிந்த குரலில் சொன்னாள். அந்த நாளில் அதை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அன்று வீட்டில் அல்ஸீரா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"உன் பொண்ணு சாகப் போறா. வந்து பாரு."

ஃபிர்மினோ காலணிக்கு மை தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு வேலை இருக்கு" என்றான்.

நதேர்சியா அந்த வாரமே போய்விட்டாள். அடக்கத்துக்கு ஃபிர்மினோ வந்தான். மை போட்ட காலணியோடு குழி ஓரத்தில் நின்றான். அழவில்லை. திரும்பி வந்து, மேலங்கியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நீ கோயிலுக்குப் போகலன்னு பாதிரியார் சொன்னாரு. எங்க போனே?"

"அவகூட நடந்தேன்."

"எங்கெல்லாம்?"

அவள் சொன்னாள். கோட்டை, பூங்கா, கோயில், கடைத்தெரு, ஆற்றுப் படிக்கட்டு. அவன் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினான், ஏதோ வழி கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளைப்போல. பிறகு, "என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போ" என்றான்.

"அவ இருந்தப்ப வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அல்ஸீரா அடுப்பைப் பற்றவைத்தாள்.

வந்த ஞாயிறு காலை அவள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவன் தயாராக நின்றிருந்தான். அவள் அவனைக் கடந்து நடந்தாள். ரயில் பாதையை ஒட்டி, பண்டகசாலைச் சுவரை ஒட்டி, அவன் காலடிச் சத்தம் பின்னாலேயே வந்தது. ரயில் நிலையம் வரை கேட்டது. அங்கே நின்றுபோனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நடையையும் குறைக்கவில்லை.