சுண்டுச் சனத்தின் வீடு

சுண்டுச் சனத்தை உண்டாக்கியவள் நான்தான். அதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. பொகவந்தலாவைக்கு மேலே, அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில், எட்டு வயதில், தனி ஆளாக ஒரு கூட்டத்தையே உண்டாக்கிக் குடியும் வைத்தேன்.

சுண்டுவிரல் உயரம்தான் இருப்பார்கள். எங்கள் பாட்டன் கப்பலேறியபோது அவருடைய அரிசி மூட்டைக்குள் ஒளிந்து வந்தவர்கள். தேயிலைச் செடிகளின் தூரில் குடியிருந்தார்கள். விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அவர்களும் வருவார்கள். ஆனால் கங்காணி பேர் கூப்பிட்டால் வாய் திறக்கமாட்டார்கள். தங்களுக்குத் தோன்றினால்தான் வேலை. உப்பைத் தவிர எதையும் திருடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோசக்காரர்கள். சிறியவர்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அதனால் அவர்களுடைய உயரத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, "எங்க ஆளுங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அதை மதித்தார்கள். மதிக்காதவர்களுக்குக் கதை கிடையாது.

மூட்டையில் இடம் போதாமல் பாதிப் பேர் இந்தியாவில், ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வேலை வேண்டுமே, எங்கள் வீட்டைக் காவல் காக்கச் சொன்னேன். உண்மையில் ஊரில் எங்களுக்குக் குச்சு வீடுகூடக் கிடையாது. அப்பாவே இந்த லயத்தில் பிறந்தவர், கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் காவலுக்கு ஆள் வைத்துவிட்டு வீடு இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்? ஓட்டு வீடாகவே கட்டிவிட்டேன்.

அந்த வருடம்தான் எங்கள் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் சனங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியிருந்தார்கள். இங்கேயே நிலையாக இருக்கிறோம், இந்தியாவில் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று மனுப் போட்டுக் காட்டினால்தான் உரிமை. அப்பா ஒரு வாரமாக அம்மாவுக்குப் பாடம் நடத்தினார்.

"ஊருல யாரு இருக்கான்னு கேட்டா, ஒருத்தரும் இல்லன்னு சொல்லு. முழிக்காத."

என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பிள்ளையை யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டார்கள். டவுனில் விசாரணை நடந்த கந்தோரில் அப்பாவும் அம்மாவும் உள்ளே இருந்தபோது, அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்து வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா, இந்தியாவுல ஒங்களுக்கு வீடு இருக்கா?"

அதுவரை எந்தப் பெரிய மனிதரும் என் சனத்தைப் பற்றி விசாரித்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இருக்குங்க. ஓட்டு வீடு. மூணு அறை. கெணறும் இருக்கு."

"அங்க யாரு இருக்காங்க?"

"எங்க ஆளுங்க. வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வைப்பாங்க. நாங்க எப்ப வருவோம்னு பாத்துக்கிட்டே இருக்காங்க."

உயரத்தை மட்டும் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர் முன்னால் அவர்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு சொல் விடாமல் எழுதினார். அவருக்கு வசதியாக நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. தோட்டத்துக் கிளாக்கர்தான் படித்துச் சொன்னார். இந்தியாவில் வீடும் உறவும் இருப்பதை உங்கள் பிள்ளையே சொல்லியிருக்கிறாள், மனு தள்ளுபடி. எனக்கோ, என் கதை அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்கிறதே என்று தலைகால் புரியவில்லை.

அப்பா எங்கள் லயத்து அறையான காம்பிராவின் வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். அடி விழப்போகிறது என்று அம்மா ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டார். மூட்டை, கப்பல், நான் போட்ட சட்டம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டார்.

"அந்தக் கெணத்துல தண்ணி இருக்கா?" என்றார் பிறகு.

"எந்தக் கோடையிலயும் வத்தாதுப்பா."

"மூணு அறைன்னா சொன்ன?"

"ஆமா."

நாங்கள் ஆறு பேர் படுத்து எழும்பிய அந்த ஒற்றைக் காம்பிராவை அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். அப்பாவுக்குக் கதை பிடித்துவிட்டது என்று எண்ணி, நின்ற இடத்திலேயே நான்காவதாக ஓர் அறையையும் கட்டிக் கொடுத்தேன்.