அந்த மழையைக் கேட்டவர்கள்

என் தம்பி மின்னல் தாக்கி இறந்த நேரத்தில் நான் பள்ளிக்கூட வராண்டாவில் நின்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பெருமுக்கல் மலைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. வீடு மரக்காணத்தில். தம்பிக்கு உப்பளத்தில் வேலை. அந்த வருடம் கோடை மழை ஒரு சொட்டு விழவில்லை. உப்புக்கு அது நல்லது. ஆனால் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் செடியெல்லாம் வாடிக் கிடந்தது. எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மாவின் கொல்லையும் அப்படித்தான். பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதுகூட அவர் முகத்தில் சிரிப்பில்லை. அவரைப் பார்த்துப் பார்த்து நானும் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் மழைக்காக வேண்டிக்கொண்டேன். உப்பளத்துத் தம்பியை அப்போது நினைக்கவே இல்லை.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மேகம் திரண்டு கொட்டியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அந்த அம்மா மலையைப் பார்த்துக் கைகூப்பினார். நான் கையை நீட்டி மழையைப் பிடித்து, ஆண்டவரே உமக்கு நன்றி என்றேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

நடந்ததைத் தம்பியோடு வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். இடி கேட்டதும் எல்லோரும் கொட்டகைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். உப்புக் குவியல்களை மூடிவிட்டு வரச் சொல்லி மேஸ்திரி குரல் கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் முடித்துத் திரும்பிவிட்டார்கள். கடைசிக் குவியலுக்குத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு தம்பி மட்டும் போயிருக்கிறான். ஆள் உயரத்துக்கு ஒரு மரம்கூட இல்லாத வெளி அது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உப்பு கரைந்தால் கரைந்துபோகட்டும் என்று உன்னால் விட முடியவில்லையா என்று கேட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் அழுதார். அவர் போன பிறகு மனம் கொஞ்சம் தணிந்தது. உன் தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இருந்தார், அவரும் அதைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து சமையல்கார அம்மா வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், அந்த மழைய நான் கேட்டேன். கொடத்துல தண்ணி எடுத்துட்டு மல ஏறிப் போயி சாமிக்கு ஊத்திட்டு வந்தேன்."

"நானுந்தான் கேட்டேன்," என்றேன்.



ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் மறைக்கல்வி எடுத்துவந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது அன்றைய பாடத்தின் முதல் வரியே கடவுள் நல்லவர் என்றிருந்தது. பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய், அந்த வரியைச் சொல்லித்தர இனி என்னால் முடியாது என்றேன். அவர் என்னைவிட வயதில் சிறியவர். உட்காரச் சொன்னார்.

"கோவம் இருந்தா கெட்டவருன்னே சொல்லுங்கம்மா. அவரு கேட்டுக்குவாரு," என்றார்.

"அதையும் சொல்ல வரல ஃபாதர். மேஸ்திரிய திட்டினேன். அவரு வேற மாதிரி செஞ்சிருக்கலாம், அது அவருக்கே தெரியும். இவர எத வச்சுத் திட்டறது? அதே மழையில அங்க செடி பொழச்சுது. அதுக்கு நல்லவருன்னா, இதுக்கு என்னா பேரு? நல்லவரு கெட்டவருன்னு நாம மனுசங்களுக்கு வச்ச பேச்ச அவருகிட்ட கொண்டு போனா, அங்க அது நிக்கவே மாட்டேங்குது."

அவர் ஏதாவது வசனம் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் அம்மா இறந்தபோது தானும் இதையே கேட்டதாகவும், பதில் கிடைக்காமலே பூசை வைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான். வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

பூசைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. எல்லா ஜெபமும் சொல்கிறேன். நல்லவர் என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். கோபத்தில் அல்ல. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்ல முடியவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சமையல்கார அம்மா பஸ் பிடித்து மரக்காணம் வந்திருந்தார். தம்பியின் மனைவி கல்லறையைக் கழுவிப் பூ வைத்தாள். மூவரும் மெழுகுவத்தி ஏற்றினோம். கடற்காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது.

"இங்க ஒங்க சாமிகிட்ட என்னா கேக்கணும் டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார் அந்த அம்மா.

"ஒண்ணும் கேக்க வேணாம்," என்றேன்.

அவர் தலையசைத்தார். காற்று வரும் பக்கமாகப் போய், முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.