சொல்லாத பேச்சுக்கு ஒரு மறுப்புரை

பள்ளிகளிலிருந்து இப்போதெல்லாம் என்னை நடுவராக வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பேச்சில் மாநில அளவு வரை போனவள் என்று ஊரில் ஒரு பெயர். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு அரை மணி நேரம் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுவேன். வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

தென்காசியில் நான் படித்த பெண்கள் பள்ளியில் சொற்போர் மன்றம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கூடும். பெயர்தான் சொற்போர், நடந்ததெல்லாம் மனப்பாடம். தமிழ் டீச்சர் எழுதித் தருவார், நாங்கள் ஒப்பிப்போம். அணிக்கு மூன்று பேர். முதல் இருவர் எங்கள் பக்கத்துக்காகப் பேச வேண்டும். மூன்றாவது ஆள் எதிரணி சொன்னதை மறுத்துப் பேச வேண்டும். அந்த மூன்றாவது ஆள் நான்தான். எதிரணி என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல் எப்படி மறுப்பது என்ற கவலையே எங்களுக்குக் கிடையாது. மறுப்புரையையும் டீச்சர் ஒரு வாரம் முன்னாலேயே எழுதி முடித்துவிடுவார்.

"எல்லாப் பிள்ளையளும் ஒண்ணத்தான் பேசுது. இருவது வருசமா பாத்துட்டு வாரேன். நான் எழுதினதுல ஒரு எழுத்து மாறக் கூடாது, பாத்துக்க" என்பார்.

அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியும் இதற்கு விதிவிலக்கில்லை. திருவேங்கடத்துப் பிள்ளை வந்தாலும் புளியங்குடிப் பிள்ளை வந்தாலும் அதே குட்டிக்கதை, அதே விஞ்ஞானி, அதே இடத்தில் கையை உயர்த்துவது. எழுதிவைத்த மறுப்பு எழுதிவைத்த பேச்சுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிடும். நடுவர்கள் பூரித்துப்போவார்கள். என்ன கூர்மை, என்ன சமயோசிதம் என்று என்னைப் புகழ்வார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

கொரோனா முடிந்து பள்ளி திறந்து, நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த வருடம், மாவட்டப் போட்டி குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சிறந்த பேச்சாளராக வரும் ஒருவர் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. "இந்த வருசம் மெட்ராசு வரைக்கும் போனேன்னா அடுத்த வருசமும் பேசு. இல்லன்னா பன்னெண்டாம் கிளாஸ்ல மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்" என்று அப்பா தீர்த்துச் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் வாயைத் திறந்தாலே வாயாடி என்பார்கள். மைக் முன்னால் மட்டும்தான் நான் பேசுவதை நாலு பேர் கேட்டார்கள்.

சாரல் நன்றாக இறங்கியிருந்த நேரம். நடுவர்கள் மூவரும் ஆசிரியர்கள், இரண்டு பேர் ஓய்வு பெற்றவர்கள். மத்தியான இடைவேளையில் மூவரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் பசி மறந்து வரிகளை முணுமுணுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்துக்கிடந்தோம். திரும்பி வந்தபோது ஈரத் தலையும் எண்ணெய் வாசனையுமாக, பரோட்டாவும் கோழியும் சாப்பிட்ட களைப்போடு, மேடைக்கு எதிரே இருந்த நாற்காலிகளில் சாய்ந்தார்கள். ஒருவர் துண்டைக் காயட்டும் என்று மேசை மேல் விரித்துப் போட்டார். எங்கள் தலையெழுத்து அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் மதிப்பெண் தாளாகக் கிடந்தது.

கைபேசி மாணவர்களை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. நாங்கள் கெடுக்கிறது என்ற பக்கம். எதிரணி கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு பள்ளி. அவர்களுடைய கடைசிப் பேச்சாளர் ஒன்பதாம் வகுப்புப் பெண், மைக்கைத் தாழ்த்த வேண்டியிருந்த அளவுக்குக் குள்ளம். பெரிய வணக்கம் எதுவும் சொல்லாமல் ஆரம்பித்தாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, சவூதியில் இருக்கிறாராம். ஊரடங்கில் பள்ளி மூடியிருந்தபோது, அங்கே அவருக்குச் சாப்பாட்டு நேரம் வரும்போது வீடியோவில் வருவாராம். ஒரு கையில் சோறு, மறு கையில் போன். அவள் கணக்கு நோட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பாளாம், அவர் பார்த்துத் தப்பைச் சொல்வாராம். "எங்க அத்தா நேர்ல என் நோட்டப் பாத்ததே இல்ல, போன்லதான் பாத்தாக" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நிமிடம்கூட இருக்காது.

பொதுவாக நாங்கள் யாரும் அடுத்தவர் பேச்சைக் கேட்பதில்லை. அவரவர் வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்போம். அவளுடைய அணிப் பிள்ளைகளே உதட்டை அசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நடுவரில் ஒருவருக்குக் கண் மூடியிருந்தது. நான் அன்றைக்குக் கேட்டுத் தொலைத்தேன். டீச்சர் எழுதித் தந்த மறுப்புரையில் ஒரு வரிகூட அவளுக்குப் பொருந்தாது.

உடனே என் பெயரைக் கூப்பிட்டார்கள். படியேறும்போது முன்வரிசையில் இருந்த டீச்சரைப் பார்த்தேன், மாற்றட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவருக்குப் புரிந்தது. விரலை உதட்டருகே கொண்டுபோய், எழுதினதைச் சொல் என்பதுபோல் தலையை அசைத்தார். ஒரு நொடி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொந்தமாகப் பேசித் தடுமாறினால் சென்னை போச்சு.

"எதிரணித் தோழி இந்த மேடையில் துணிந்து ஒன்றைச் சொன்னார்!" என்று ஆரம்பித்தேன். "கையில் கைபேசி இருந்தால் ஆசிரியரே தேவையில்லை என்றார்! நடுவர் அவர்களே, எழுத்தறிவித்த கைகளை உதறிவிட்டுப் போகும் இந்த நன்றிகெட்டதனத்தைத்தான் கைபேசி கற்றுக்கொடுத்திருக்கிறது!"

கூட்டம் முழுக்க டீச்சர்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. தூங்கிய நடுவர் விழித்துக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அவள் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அந்த மண்டபத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட எழுந்து கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. இத்தனை பேர் காதை வீட்டிலா வைத்துவிட்டு வந்தார்கள்?

தீர்ப்புச் சொன்னவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். "ஒம்பதாங் கிளாஸ் படிக்கும்போதே வாத்தியார் வேண்டாம்னு மேடையேறிச் சொல்லுதியே, ஒன்னய யாரு வளத்தா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. பிறகு சிறந்த பேச்சாளர் என்று என் பெயரை வாசித்துக் கோப்பையைத் தந்தார்.

அந்தப் பெண்ணின் பள்ளி டீச்சர் அதுவரை வெளியே நின்று வேன்காரரிடம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர். தீர்ப்பு நேரத்துக்குத்தான் உள்ளே வந்தார். வந்தவர் கேட்டது நடுவர் சொன்னதை மட்டும்தான். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஸ்கூல் மானத்த வாங்கிட்டியே! இனிமே நீ எந்தப் போட்டிக்கும் வரவேண்டாம்" என்று கத்தியது உள்ளே எங்களுக்கே கேட்டது. எங்கள் டீச்சருக்கும் கேட்டிருக்கும். அவர் என் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதை வாய் திறந்து அவரிடம் சொன்னேனா? இல்லை. போட்டோவுக்கு அவர் தோளோடு தோளாக நின்றேன்.

டீச்சரின் போனை வாங்கி அப்பாவுக்குச் சொன்னேன். "நெசமாவா? சரி, போய்ட்டு வா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் கேட்டதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் குழாய்ப் பக்கம் போனேன். அந்தப் பெண் அங்கே முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணீர் சொட்டச் சொட்ட அருகில் வந்தாள்.

சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நான் டீச்சர் வேண்டாம்னா சொன்னேன்? மேடையில ஏறுனதும் பயந்துட்டேன். என்ன பேசுனேன்னே நெனப்பு இல்ல. நீங்கதான் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, நான் பாத்தேன். வாய் தவறி அப்பிடிச் சொல்லிட்டனாக்கா?"

கோப்பை என் கையில் இருந்தது.

"ஆமா, சொன்னே" என்றேன். அன்றைக்கு முழுக்க யாரும் எழுதித் தராமல் நானாகப் பேசியது அது ஒன்றுதான்.

அவள் தலையை ஆட்டினாள். "அப்பச் சரிக்கா. எங்க டீச்சர்ட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே வேனைப் பார்த்து ஓடினாள்.